60 முட்டை இன்குபேட்டர்: நான்கு ஈடு பொரித்த பிறகு எழுதுகிறேன்

கார்த்திகையில், கோழியில்லாமலே முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இந்தப் பெட்டியை வாங்கினேன். 7,800 ரூபாய், பார்சல் செலவு தனி. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். முதல் ஈடு, அதாவது சேர்ந்தாற்போல் வைத்த முதல் தொகுதி முட்டை, பொரித்த அன்று எழுதியிருந்தால் ஒன்றுதான் போட்டிருப்பேன். இப்போது நான்கு ஈடு ஆகிவிட்டது, ஆனியும் பிறந்துவிட்டது. இனிமேல் சொன்னால் நியாயமாக இருக்கும்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் தோட்டம், முருங்கையும் கொஞ்சம் தென்னையும். 16 பெட்டை, 2 சேவல், எல்லாம் சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி. இத்தனை வருடமும் கோழிகளைப் பார்த்துக்கொண்டது என் அத்தை. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். மிஷின் வாங்கியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் இரண்டு மாதம் குஞ்சுகளோடு திரியும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. வருடத்துக்கு 60, 70 முட்டையோடு நின்றுபோகும். முட்டைகளை மிஷினில் வைத்துவிட்டுக் கோழியை அடை தெளிய வைத்தால் சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் பணம் கட்டினேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. தெர்மாகோல் உடம்பு, மேலே உள்ளே பார்க்கும்படி பிளாஸ்டிக் மூடி. கம்பி ஹீட்டர், சின்ன விசிறி, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஸ்ப்ளே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டையை உருட்டிவிடும் ரோலர் தட்டு, கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியில் மாட்ட ஒரு ஒயர். பேட்டரி ஒயர் உண்மையிலேயே உதவியது. மாசியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலைதான் வந்தது. பழைய டிராக்டர் பேட்டரியில் மாட்டினேன், ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. விசிறிச் சத்தம் குறைவு. கழுவுவதும் சுலபம். இவற்றில் எனக்குக் குறை இல்லை.

குறை வெப்பநிலையில் இருந்தது. கோழி முட்டைக்கு 37.5 டிகிரியை ஒட்டி வேண்டும். டிஸ்ப்ளே 37.7 காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். மார்கழியில் 52 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து கரு கூடாத 9 கூமுட்டையை எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் ஒன்றுகூட உடையவில்லை. 22ஆம் நாள் இரவில் தொடங்கி 23ஆம் நாள் மாலைவரை இழுத்து, 43இல் 24 மட்டும் வெளியே வந்தன. மூன்று குஞ்சுகளுக்குக் கால் நிற்கவில்லை. ஓட்டுக்குள்ளேயே இறந்துபோனவற்றை உடைத்துப் பார்த்தபோது அழுதுவிட்டேன். முழுசாக வளர்ந்த குஞ்சுகள் அவை. அப்புறம் மருந்துக்கடையில் ஒரு டாக்டர் தெர்மாமீட்டர் வாங்கி முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். டிஸ்ப்ளே காட்டுவதைவிட முக்கால் டிகிரி குறைவு. சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாகும், பலவீனமாகும் என்பது அப்போதுதான் புரிந்தது. விற்றவர்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். வீடியோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பெட்டியை என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பிதான் செட்டிங்கில் உள்ளே போய் அந்த முக்கால் டிகிரியைச் சரிசெய்ய இடம் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இதைச் சொல்லும் ஒரு வரி கையேட்டில் இருந்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்கும்.

ரோலர் தட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அது வெள்ளை லெகார்ன் என்ற பண்ணைக் கோழி இனத்தின் முட்டை அளவுக்குச் செய்தது. சிறுவிடை முட்டை 40 கிராம் இருந்தாலே பெரிது. ரோலர்களுக்கு நடுவில் அது சரிந்து நின்றுகொள்கிறது, உருளுவதில்லை. உருளாத முட்டையில் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ரோலர்களின் மேல் மெல்லிய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய பிறகு எல்லாம் உருள்கின்றன. நாட்டுக்கோழிக்காக வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இரண்டையும் சரிசெய்தபின் மாசி ஈட்டில் 50 முட்டை, அதில் கரு கூடியவை 44, பொரித்தவை 35. இந்த விலைக்கு இது நல்ல பொரிப்பு என்று இன்றும் சொல்வேன்.

அதே மாசியில் அத்தை பிடிவாதமாக ஒரு கோழியை அடை வைத்தார். சாம்பல் நிறக் கோழி. ஓலைக் கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, 12 முட்டை, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, நாலு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க அவர் அம்மா காலத்திலிருந்து செய்வது. என் மிஷின் மேலும் ஒரு ஆணியை வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

மிஷினும் கூடையும் ஒரே அறையில் இருந்ததால் 21 நாளும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கோழியை நான் இத்தனை உன்னிப்பாக முன்பு பார்த்ததே இல்லை. அடைக்கோழியின் வயிற்றில் சிறகு உதிர்ந்து தோல் வெறுமையாகிவிடும். அந்தத் தோலில் ரத்தம் நிறைய ஓடும், அந்தச் சூடு நேராக ஓட்டில் படும். ஒரு நாளைக்கு ஒரே முறைதான் இறங்கியது. கால் மணி நேரம், அவ்வளவுதான். தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, கூடைக்கு வெகு தூரத்தில் எச்சமிட்டுவிட்டு ஓடிவரும். அலகால் முட்டைகளைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றும். இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் அதற்கு இல்லை, பகலில் எத்தனையோ முறை செய்தது. கொண்டை வெளுத்து, உடம்பு இளைத்துப்போனது. தொட்டுத் தூக்கினால் தக்கையாக இருந்தது.

20ஆம் நாள் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். மிஷினுக்குள் முட்டைகளிலிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. ஓடு இன்னும் உடையவில்லை. குஞ்சு உள்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற பக்கத்தில் உள்ள காற்றறைக்குள் அலகை நீட்டிவிட்டால் மூச்சு விடத் தொடங்கும், குரலும் வரும். கூடையிலும் அதே சத்தம். ஆனால் அங்கே கோழி தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. கொக்... கொக்... என்று, பக்கத்தில் போனால்தான் கேட்கும். உள்ளிருந்து கீச்சு, மேலிருந்து கொக். அத்தை மிஷின் மூடி மேல் காதை வைத்துக் கேட்டார். "ஏம்மா, இதுகளும் கூப்பிடுதே. பதில் சொல்ல ஆளில்லையே" என்றார். அன்று இரவெல்லாம் அந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முட்டைக்குள்ளிருந்து கூப்பிடுவது பறவைக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்கு மகள் பள்ளிச் சுற்றுலாவில் போயிருந்தாள். அங்கே கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்: முதலைக் குட்டிகள் மண்ணுக்கடியில் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்குமாம், அதைக் கேட்ட பிறகுதான் தாய் மண்ணைத் தோண்டுமாம், குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடுமாம். காடைகளிலோ ஒட்டிக்கிடக்கும் முட்டைகள் ஒன்றின் சத்தத்தை ஒன்று கேட்டு வேகத்தை மாற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கும். பிந்திய குஞ்சை விட்டுவிட்டுத் தாய் நகர்ந்துவிடாமல் இருக்க இது உதவுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, 18ஆம் நாள் உருட்டுவதை நிறுத்தும்போது முட்டைகளை ரோலரிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறேன். கூடையில் அப்படித்தானே கிடக்கின்றன.

கூடையில் 12க்கு 11 பொரித்தது. முதல் குஞ்சு வந்த பிறகும் கோழி ஒன்றரை நாள் இறங்கவில்லை. குஞ்சுகள் பட்டினியில் கிடக்கின்றனவே என்று நான் தவித்தேன். பொரிப்பதற்கு முன் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, இரண்டு மூன்று நாளுக்கு அதுவே போதும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். முன்னால் வந்தவை காத்திருக்கவும் பின்னால் வருபவை வந்து சேரவும் கிடைக்கிற அவகாசம் அது.

இனி மிஷின் குஞ்சுகளின் கதை. இந்தப் பெட்டியை விற்கிறவர்கள் 21ஆம் நாளோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அட்டையால் வட்டம் கட்டி, குண்டு பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்து வந்தேன். குளிர்ந்தால் குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கும், சூடு அதிகமானால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இரவில் மூன்று முறை எழுந்து பல்பை ஏற்றி இறக்கினேன். அங்கே சாம்பல் கோழி இறக்கையை லேசாக விரித்து உட்கார்ந்திருக்கும். குளிர்கிற குஞ்சு உள்ளே போகும், புழுங்குகிற குஞ்சு தலையை வெளியே நீட்டும்.

தீனியில்தான் அதிகம் இழந்தேன். மிஷின் குஞ்சுகள் எதையும் கொத்தின. விரித்த பேப்பரில் உள்ள எழுத்தைக் கொத்தின, தங்கள் கால்விரலைக் கொத்தின, உமியைக் கொத்தின. தட்டில் இருந்த குருணையைச் சில குஞ்சுகள் தொடவே இல்லை. வயிற்றில் இருந்த மஞ்சள் கரு தீர்ந்த நாலாம், ஐந்தாம் நாளில் அவை ஒவ்வொன்றாகச் சுருண்டன. அத்தை சொல்லி, தட்டில் விரல் நகத்தால் டொக் டொக் என்று தட்டிக் காட்டினேன். ஓடிவந்து கொத்தின. ஒரு கோழி பகல் முழுக்கச் செய்கிறதை நான் சமையலுக்கு நடுவே நாலு முறை செய்தால் எப்படிப் போதும்?

சாம்பல் கோழி செய்ததைப் பாருங்கள். சாணமும் வைக்கோலும் அடைத்த மண்பானையை ராத்திரி ஈர மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதைக் கோழி முன் தட்டினேன். அது தான் தின்னவில்லை. வேகமாக ஒரு குரல் கொடுத்து, ஒரு கரையானை அலகால் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, குஞ்சுகள் வந்து பிடுங்கும்வரை அதையே செய்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1996இல் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு நிறத் தீவனம் வாய்க்கு ஒவ்வாதது என்று தாய்க்கோழிக்கு முதலில் பழக்கிவிட்டார்கள். குஞ்சுகள் அந்த நிறத்தைத் தின்பதைக் கண்டபோது, தாய் கொத்திக் காட்டுவதும் கால் கிளறுவதும் கூடியது. குஞ்சு தப்பாகத் தின்கிறது என்று அதற்குப் படுகிறது, சரியானதைக் காட்டுகிறது. இந்த வேலையைச் செய்யும் பொத்தான் என் பெட்டியில் இல்லை.

ஐந்தாம் வாரம் மிஷின் குஞ்சுகளைத் தோட்டத்தில் திறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை வல்லூறு வந்தது. நான் பார்ப்பதற்கு முன் சாம்பல் கோழி பார்த்துவிட்டது. நாய்க்கும் கீரிக்கும் அது போடுவது கெக்கெக்கே என்ற விட்டுவிட்டு வரும் கத்தல். வானத்தில் வருவதற்குக் குரல் வேறு, நீளமாக இழுத்த ஒற்றைக் குரல். அந்தக் குரலுக்கு அதன் குஞ்சுகள் வேலிக்கடியிலும் அதன் இறக்கைக்கடியிலும் மறைந்தன. என் குஞ்சுகளும் குரலைக் கேட்டன. இருந்த இடத்திலேயே வெட்டவெளியில் பதுங்கி உட்கார்ந்தன. ஓடிப்போய் நுழைய அவற்றுக்கு ஓர் இடம் இல்லை. என் கண் முன்னால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வாரத்தில் மட்டும் வல்லூறுக்கும் காகத்துக்குமாக ஐந்து போயின.

இரண்டு மாத முடிவில் மார்கழிக் குஞ்சு 24இல் 11 மிச்சம். மாசிக் குஞ்சு 35இல் 23. சாம்பல் கோழியின் 11இல் 9. எல்லாவற்றுக்கும் ஒரே தீனிதான், ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தும் ஒரே நாளில் போட்டதுதான்.

அதனால் மிஷினை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னது அத்தைதான். பொரிக்கிறது மிஷின் பொரிக்கட்டும், வளர்க்கிறது கோழி வளர்க்கட்டும் என்றார். பங்குனி ஈட்டை அப்படித்தான் நடத்தினோம். மிஷினில் 48 முட்டை வைத்த அன்றே மூன்று அடைக்கோழிகளுக்குத் தலைக்கு மூன்று முட்டை கொடுத்து உட்கார வைத்தோம். சாம்பல் கோழியின் குஞ்சுகள் அதற்குள் கொஞ்சம் வளர்ந்திருந்ததால், அது அந்த மூன்றில் இல்லை. மிஷினில் 35 பொரித்தது, கோழிகளிடம் 8. குஞ்சு உலர்ந்த அன்றே, இருட்டிய பிறகு, விளக்கில்லாமல், இரண்டு இரண்டாக எடுத்துக் கோழியின் பின்பக்கமாக இறக்கைக்கடியில் செருகினோம். கோழி ஒரு முறை கொக்கென்றது, உடம்பைக் கொஞ்சம் உயர்த்தி இடம் விட்டது. காலையில் 14, 14, 15 என்று மூன்றும் தாய்களாக எழுந்தன.

இதில் நாள் தவறக்கூடாது. கோழி ஏறக்குறைய மூன்று வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு நாள் அடை இருந்த கோழி குஞ்சைக் கொத்திவிடும். குஞ்சும் பொரித்து ஓரிரு நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873லேயே இதை எழுதியிருக்கிறார். பொரித்ததும் கோழிக்குஞ்சுகளின் கண்ணைச் சின்னக் குல்லாயால் மூடிவைத்து, இரண்டு மூன்று நாளில் திறந்தால், நடந்துபோகும் அவரையே தாயென்று தொடர்ந்தன. ஏறக்குறைய நாலு நாள் கழித்துத் திறந்தவை அவரைக் கண்டு மிரண்டு ஓடின. பிற்பாடு கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதைப் பிரபலமாக்கினார். நான் இதைப் படிக்கும் முன்பே பொரித்த அன்றே சேர்த்துவிட வேண்டும் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது.

43 குஞ்சுகளில் இரண்டு மாதத்தில் 36 இருக்கின்றன. பல்பு போடவில்லை, இரவில் எழவில்லை.

நாலாம் ஈடு சித்திரையில். அதில் 50 முட்டைக்கு 29தான். வெயிலில் எங்கள் ஓட்டு வீட்டு அறை மதியம் 39 தொட்டது. இந்தப் பெட்டி சூடாக்கும், ஆனால் குளிரவைக்கத் தெரியாது. அறை சூடு 37.5ஐத் தாண்டினால் ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அதே மதியத்தில் அடைக்கோழி முட்டையின் மேல் உட்காராமல் எழுந்து நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. சித்திரை, வைகாசியில் மிஷினை மண்தரை உள்ள, கிழக்குப் பார்த்த அறையில் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதம் நிறுத்தி வையுங்கள்.

யாருக்கு இந்தப் பெட்டி ஆகும்? வெள்ளை லெகார்ன் மாதிரி முட்டைக் கோழி வைத்திருப்பவர்களுக்கு அவசியம் வேண்டும். அந்த இனங்களில் அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் குறைத்துவிட்டார்கள். காடை வளர்ப்பவர்களும் வாங்கலாம். நாட்டுக்கோழிக்காரர்கள், வீட்டில் இரண்டு அடைக்கோழியாவது இருந்தால் வாங்குங்கள். கோழியே இல்லாமல், முட்டை வாங்கிப் பொரித்து முற்றத்தில் விட்டு வளர்க்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். கம்பி வலைக் கூண்டும் ஒரு மாதத்துக்கு முழுநேர ஆளும் இருந்தால் வேறு விஷயம்.

செய்கிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். சின்ன முட்டைக்கு ஏற்ற தட்டு கொடுங்கள். தமிழில் ஒரு கையேடு கொடுங்கள், அதில் சென்சாரைச் சரிபார்ப்பது எப்படி என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். போனில் பேசுகிறவர் கோழி வளர்த்தவராக இருக்கட்டும்.

பொரிப்புக்கு நாலு நட்சத்திரம், விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு ஒன்று. மொத்தமாக மூன்று போடுகிறேன்.

சாம்பல் கோழி தன் மாசிக் குஞ்சுகளை வைகாசி முதல் வாரத்தில் கொத்தி விலக்கத் தொடங்கியது. தீனிக்கு அருகில் வந்தால் ஒரு கொத்து, மறுபடி வந்தால் இன்னொன்று. முதலில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து நாளில் அவை தாமாக மேயப் பழகிவிட்டன. ராத்திரி அது முருங்கையின் மேல்கிளையில் ஏறிக்கொள்கிறது, ஒன்பதும் அதற்குக் கீழ்க்கிளையில். போன வாரம் மறுபடி முட்டையிட ஆரம்பித்திருக்கிறது. இதுவரை ஐந்து. அவற்றை மிஷினுக்கு எடுக்கவில்லை, அத்தையின் ஓலைக் கூடையில் வைத்திருக்கிறேன்.